குவாரன்டீன் பிறந்த கடலும் மாமல்லபுரத்துக் கடலும்!

2020-ல் நம் வீட்டுப் பாட்டிகள்கூடப் பழகிக்கொண்ட ஒரு வார்த்தை, உண்மையில் வெறும் ஓர் எண். இத்தாலிய மொழியில் ‘குவாரன்டா’ என்றால் நாற்பது. நாற்பது நாள் ஊருக்கு வெளியே இரு, பிறகு உள்ளே வா. அதுதான் குவாரன்டீன்!

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கடல் இருக்கிறது. ஏட்ரியாட்டிக் கடல். அதன் ஒரு கரையில் இத்தாலியின் வெனிஸ். எதிர்க்கரையில் குரோஷியாவின் துப்ரோவ்னிக். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ பார்த்தவர்களுக்கு துப்ரோவ்னிக்கை அறிமுகம் செய்யவே வேண்டாம். ‘கிங்ஸ் லேண்டிங்’ என்று காட்டிய கோட்டைச் சுவர்கள் அந்த ஊருடையவைதான். கால்பந்து ரசிகர்களுக்கு, லூகா மோட்ரிச்சின் நாடு என்றால் போதும்.

அந்த ஊர்களுக்கும் நம்ம மாமல்லபுரத்துக்கும் என்ன சம்பந்தம்? மூன்றும் கடலோர ஊர்கள். வெளியூர்க்காரர் வந்து இறங்கினால்தான் மூன்று ஊர்களிலும் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட ஊருக்கு, வருகிற விருந்தாளியே நோயையும் கூட்டிவருகிறார் என்று தெரிந்தால் என்ன செய்வது? கதவைத் திறந்தால் நோய். மூடினால் பட்டினி. இந்தக் கேள்விக்கு 600 வருடங்களுக்கு முன்பே அவர்கள் ஒரு பதில் எழுதினார்கள். 2020-ல் அதே கேள்வி ஈ.சி.ஆர் வழியாக நம்மிடம் வந்தது.

ஒத்தவாடை தெருவில் ஒரு மார்ச்

மாமல்லபுரத்தின் சீசன் மார்கழியில் களைகட்டும். நாட்டிய விழா நடக்கும். ஐரோப்பாவில் பனி கொட்டும் மாதங்கள் என்பதால், வெயில் தேடி வருகிறவர்கள் பங்குனிவரை இங்கே இருப்பார்கள். ஒத்தவாடை தெருவிலும் அதன் குறுக்குச் சந்துகளிலும் இருக்கும் மாடி உணவகங்களில் மெனு கார்டைப் புரட்டினால், வறுத்த மீனுக்குப் பக்கத்திலேயே ஸ்பகெட்டியும் பீட்சாவும் இருக்கும். காலையில் சாம்பார் கொதிக்க வைத்த அதே கை, சாயங்காலம் பாஸ்தாவுக்குத் தக்காளி வதக்கும். வாடகை சைக்கிள், தையல் கடை, சர்ஃபிங் பலகை, சிற்பக்கூடங்களின் உளிச் சத்தம்... ஒரு சின்னத் தெருவில் ஒரு முழுப் பொருளாதாரம்.

2020 சீசன்மீது எதிர்பார்ப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில்தான் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்திருந்தார்கள். வெண்ணெய் உருண்டைக் கல்லின் முன் அவர்கள் கைகோத்து நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. அடுத்த மாதமே, நவம்பர் 29-ல், காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. புது மாவட்டம், புது வெளிச்சம், வரிசையில் நிற்கப்போகும் டூரிஸ்ட்டுகள்...

வந்தது வேறு.

மார்ச் 3-ம் தேதி இத்தாலி, ஈரான், தென் கொரியா, ஜப்பான் ஆகிய நான்கு நாட்டினரின் விசாக்களை இந்தியா நிறுத்திவைத்தது. மறுநாள் நாடு முழுக்க கொரோனா எண்ணிக்கை 28 என்று அறிவித்தார்கள். அதில் 16 பேர் இத்தாலியர்கள். ராஜஸ்தானைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு டூரிஸ்ட் குழு. அன்றுமுதல், ‘எந்த நாடு?’ என்ற சாதாரண கேள்விக்கு ‘இத்தாலி’ என்று பதில் சொல்வதே இந்தியாவின் பல ஊர்களில் சங்கடமாகிப்போனது. அதுவரை ‘பியூட்டிஃபுல் கன்ட்ரி’ என்று சிரித்த முகங்கள் இரண்டு அடி பின்வாங்கின. நாட்டின் பல இடங்களில் வெளிநாட்டினருக்கு அறை தர மறுத்த செய்திகள் வந்தன.

மார்ச் 13 முதல் எல்லா நாட்டு டூரிஸ்ட் விசாக்களும் நின்றன. 17-ம் தேதி தொல்லியல் துறை தன் நினைவுச் சின்னங்களை எல்லாம் பூட்டியது. கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் எல்லாம் கம்பி வேலிக்குப் பின்னால் போயின. 25-ம் தேதி நாடே பூட்டப்பட்டது. ஊருக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட வெளிநாட்டினருக்காக மத்திய சுற்றுலாத் துறை ஓர் இணையதளமே தொடங்க வேண்டியிருந்தது.

இடையில் மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. ஞாபகம் இருக்கிறதா? மக்கள் ஊரடங்கு. மாலை 5 மணிக்கு நாம் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தோம். இத்தாலியில் அதற்குச் சில நாள்கள் முன்பிருந்தே பால்கனியில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். குரோஷியாவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அதே 22-ம் தேதி காலை தலைநகர் ஜாக்ரெப்பில் நிலநடுக்கம். வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லப்பட்ட மக்கள், உயிர் பிழைக்க வீட்டைவிட்டு ஓடிவந்து குளிரில் தெருவில் நின்றார்கள். ஒருவர்மீது ஒருவர் ஒட்டாமல், இடைவெளி விட்டு!

1377, ஜூலை 27

இப்போது குரோஷியாவிலேயே இன்னும் பின்னால் போவோம். துப்ரோவ்னிக்கின் பழைய பெயர் ரகூசா. சின்னஞ்சிறு குடியரசு. விளைநிலம் குறைவு, கப்பல்தான் சோறு. 1348-ல் ‘கறுப்பு மரணம்’ என்ற பிளேக் அங்கும் வந்து வாரிக்கொண்டு போனது. பிறகும் விட்டு விட்டு வந்தது. கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம். ஆனால் வியாபாரிகளுக்கு ஒன்று புரிந்திருந்தது. நோய் எங்கிருந்தோ கப்பலேறி வருகிறது. சில நாள் கழித்துத்தான் முகத்தைக் காட்டுகிறது.

1377 ஜூலை 27 அன்று ரகூசாவின் பெரிய சபை ஒரு சட்டம் போட்டது. பிளேக் இருக்கும் இடங்களிலிருந்து வருகிறவர்கள் நேராக ஊருக்குள் நுழையக் கூடாது. மர்கான் என்ற சின்னத் தீவிலோ, சாவ்டாட் என்ற பக்கத்து ஊரிலோ ஒரு மாதம் தங்கிவிட்டுத்தான் வர வேண்டும். உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் பார்க்கப் போகக் கூடாது. போனால் அவர்களும் ஒரு மாதம் அங்கேயே. சாப்பாடு கொண்டுபோவதற்குக்கூட அதற்கென நியமித்த அதிகாரிகளின் அனுமதி வேண்டும். உலகில் எழுதிவைக்கப்பட்ட முதல் குவாரன்டீன் சட்டமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தச் சாப்பாட்டு விதிதான். துறைமுகத்தை ஒரேயடியாக இழுத்து மூடுவது சுலபம். மற்ற ஊர்கள் அதைத்தான் செய்து பார்த்தன. ரகூசாக்காரர்கள், வருகிறவனை ‘போ’ என்று சொல்லவில்லை, ‘பொறு’ என்றார்கள். பொறுத்திருப்பவனுக்கு இடம் எது, அவனுக்குச் சோறு எப்படிப் போகும் என்பதையும் சட்டத்திலேயே யோசித்தார்கள். மனிதாபிமானமா, வியாபார புத்தியா என்றால் இரண்டும் கலந்ததுதான். கப்பல் திரும்பிப் போய்விட்டால் நாளைக்கு ஊருக்கே சோறு இல்லை.

பின்னாளில் ஊரின் கிழக்கு வாசலுக்கு வெளியே, கடலை ஒட்டி, ‘லாசரேட்டி’ என்ற கல் கட்டடங்களை வரிசையாகக் கட்டினார்கள். துருக்கிய சாம்ராஜ்யத்திலிருந்து தரைவழியாக வரும் வணிகக் கூட்டங்கள் அங்கே தங்கிய பிறகே கோட்டைக்குள் நுழையும். இன்றும் அந்தக் கட்டடங்கள் இருக்கின்றன. இப்போது அங்கே நாட்டுப்புற நடனமும் கண்காட்சியும் கச்சேரியும் நடக்கின்றன. துப்ரோவ்னிக் போகிறவர்கள் செல்ஃபி எடுக்கும் இடம்!

முப்பது, நாற்பது, ஒரு மண்டலம்

ரகூசா சொன்னது முப்பது நாள். அதன் பெயர் ‘டிரென்டீனா’. அதை நாற்பதாக்கி, உலகத்துக்கே பெயர் வைத்தவர்கள் எதிர்க்கரை இத்தாலியர்கள். நாற்பதுக்கு அறிவியல் காரணம் தேட வேண்டியதில்லை. கிறிஸ்தவத் தவக்காலம் நாற்பது நாள். நமக்குப் புரியும்படி சொன்னால், சித்த வைத்தியர் ‘ஒரு மண்டலம் சாப்பிடுங்க’ என்று சொல்வதுபோல. உடம்பும் மனசும் சரியாக இவ்வளவு நாள் ஆகும் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எண் இருக்கிறது.

வெனிஸ் 1423-ல் ஒரு தீவையே பிளேக் மருத்துவமனை ஆக்கியது. லாசரெட்டோ வெக்கியோ, அதாவது பழைய லாசரெட்டோ. 1468-ல் இன்னொரு தீவு. லாசரெட்டோ நூவோ, புதியது. நோயாளிகள் பழையதில். சந்தேகத்துக்குரிய கப்பல்களும் சரக்குகளும் புதியதில். இந்தப் புதிய தீவின் கிடங்குச் சுவர்களில், காத்திருந்த வியாபாரிகளும் காவலாளிகளும் 1500-களில் எழுதிவைத்த எழுத்துகள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. எந்த ஊரிலிருந்து வந்தோம், என்ன சரக்கு, எந்த வருடம்... வேலை இல்லாத நாள்களில் மனிதன் சுவரில்தான் எழுதுவான்போல. 2020-ல் நாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எழுதினோம்.

இவ்வளவு செய்தும் நோய் விடவில்லை. 1575 – 77 பிளேக்கில் வெனிஸ் சுமார் 50,000 பேரை இழந்தது. நோய் தணிந்ததும், நேர்ந்துகொண்டபடி ரெடென்டோரே என்ற பேராலயத்தைக் கட்டினார்கள். ஒவ்வொரு ஜூலையிலும் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை படகுப் பாலம் அமைத்து, மக்கள் அந்த ஆலயத்துக்கு நடந்து போகிறார்கள். முந்தின இரவு வாணவேடிக்கை. பிளேக் போனதைக் கொண்டாடும் அந்த வாணவேடிக்கையை 2020-ல் கொரோனா ரத்து செய்தது என்பதுதான் சோகமான வேடிக்கை.

கிட்டத்தட்ட அதே நாள்களில் நமக்கு ஆடி மாதம். அந்த வருடம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றிய கூட்டம் எங்கே? யோசித்துப் பாருங்கள், மாரியம்மன் திருவிழாவும் நம் பக்கத்து ரெடென்டோரேதான். காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது, வெளியூர்க்காரர் இங்கே தங்கக் கூடாது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால், ‘உள்ளே வராதீர்கள்’ என்று எழுதிவைக்க வேண்டியதில்லை. சட்டசபை தேவைப்படாத குவாரன்டீன்! மாநகராட்சி ஒட்டிய ஸ்டிக்கரைவிட அந்த வேப்பிலைக்கு மரியாதை அதிகம். ஸ்டிக்கர் அந்த வீட்டைக் குற்றவாளி ஆக்கியது. வேப்பிலை அதைக் கோயில் ஆக்கியது.

‘சீனர்களின் ஏழு கோயில்கள்’

இத்தாலிக்காரர்கள் இந்தக் கடற்கரைக்குப் புதியவர்களா என்றால், இல்லவே இல்லை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ நம் சோழமண்டலக் கரைக்கு வந்து, முத்துக் குளிப்பையும் மயிலாப்பூரில் உள்ள புனித தோமையார் கல்லறையையும் பற்றி எழுதினார். அவர் வெனிஸ்காரர். ஆனால், ‘எங்கள் தீவில்தான் பிறந்தார்’ என்று குரோஷியாவின் கோர்ச்சுலா தீவு இன்றும் மல்லுக்கட்டுகிறது. அங்கே ஒரு வீட்டைக் காட்டி டிக்கெட்டும் போடுகிறார்கள். (திருவள்ளுவர் எந்த ஊர் என்ற நம் சண்டை நினைவுக்கு வந்தால் தப்பில்லை.)

1582-ல் காஸ்பரோ பால்பி என்ற வெனிஸ் நகை வியாபாரி நாகப்பட்டினத்திலிருந்து சாந்தோம் நோக்கிக் கப்பலில் போகிறார். வழியில் மாமல்லபுரத்துக் கோபுரங்கள் தெரிகின்றன. அதைச் ‘சீனர்களின் ஏழு கோயில்கள்’ என்று அவர் குறித்துவைத்தார். பல்லவர் கட்டியதற்கு சீன முத்திரை! 437 வருடம் கழித்து அதே கோயில் முன்பு சீன அதிபரே வந்து உட்கார்ந்து இளநீர் குடிப்பார் என்று பால்பி கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அடுத்த நூற்றாண்டில் நிக்கோலோ மனுச்சி. இவரும் வெனிஸ். சின்ன வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, மொகலாயர்களிடம் வேலை பார்த்து, முறையாகப் படிக்காமலே வைத்தியராகி, கடைசியில் சென்னையில் குடும்பம் நடத்தினார். பரமார்த்த குருவையும் அவருடைய முட்டாள் சீடர்களையும் நமக்குத் தந்த வீரமாமுனிவரும் இத்தாலியில் பிறந்தவர்தான் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. இவர்களெல்லாம் கப்பலில் மாதக்கணக்கில் வந்தவர்கள். நோய் இருந்தால் கரை சேரும் முன்பே தெரிந்துவிடும். கடல்தான் அவர்களுக்கு லாசரெட்டோ. எட்டு மணி நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் வருகிறவனுக்கு அந்த இடைவெளி இல்லை.

வெனிஸ் போட்ட விதி, மண்டபத்தில் இறங்கியது

1896-ல் பம்பாயில் பிளேக். பயந்துபோன ஐரோப்பிய நாடுகள் 1897 தொடக்கத்தில் கூடி, இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களையும் ஹஜ் பயணிகளையும் எப்படிச் சோதிப்பது, எவ்வளவு நாள் நிறுத்திவைப்பது என்று பேசின. கூடிய இடம்? வெனிஸ்! அதே பிப்ரவரியில்தான் ஆங்கில அரசு இங்கே தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாலைந்து பிரிவுகள்கூட நிறையாத சின்னச் சட்டம். 2020-ல் நம்மை வீட்டுக்குள் உட்காரவைக்கக் கையில் எடுத்த சட்டங்களில் அந்த 1897 சட்டமும் ஒன்று.

தமிழனுக்கு குவாரன்டீன் என்றால் என்ன என்று உண்மையில் காட்டிய இடம் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் மக்களை, அங்கிருந்த முகாமில் இலங்கை அரசு நாள்கணக்கில் நிறுத்திவைத்தது. மருந்தடிப்பு, அம்மை குத்துதல், சோதனை, பிறகு கப்பல். உயர் வகுப்பு டிக்கெட்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நோய்க்கிருமி மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மட்டும் பயணம் செய்யும் என்று நினைத்தார்களோ என்னவோ! அதே மண்டபம் முகாம்தான் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்குத் தங்குமிடமானது.

ரகூசாவின் விதியில் பிரபுவும் மாலுமியும் ஒரே தீவில்தான் காத்திருக்க வேண்டும். மண்டபத்தில் காத்திருப்பு டிக்கெட்டின் விலையைப் பொறுத்தது. 2020-லும் இதை வேறு உருவத்தில் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களில் காசு இருந்தவர்கள் ஹோட்டலில். இல்லாதவர்கள் கல்லூரி விடுதியில்.

திருமணி: நம் ஊர் லாசரெட்டோ

‘லாசரெட்டோ’ என்ற பெயர் தொழுநோயாளிகளின் காவலராகக் கருதப்பட்ட லாசரின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். வெனிஸ் தீவில் இருந்த நாசரேத் மாதா ஆலயத்தின் பெயரும் அதில் கலந்திருக்கிறது. அப்படியென்றால் செங்கல்பட்டுக்கும் ஒரு லாசரெட்டோ உண்டு. ஊரை ஒட்டிய திருமணியில் 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் சானடோரியம். 1955-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட பிறகு, இன்று மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம். வீட்டுக்காரர்கள் கைவிட்டவர்களுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்த இடம். உலகம் முழுவதிலுமிருந்து மருத்துவர்கள் வந்து படித்துவிட்டுப் போன இடம்.

‘சிங்கிள்புட்’ என்ற பெயரை மருத்துவ உலகம் இன்னொரு காரணத்துக்காகவும் அறியும். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், காசநோய்க்கான பி.சி.ஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் பங்கேற்ற பிரமாண்ட ஆய்வு. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. ஏமாற்றமான முடிவுதான். ஆனால் உலகம் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை. அதைக் கையை நீட்டிச் சொன்னவர்கள் நம் கிராமத்து மக்கள்.

அதே திருமணியில் சுமார் 100 ஏக்கரில், சுமார் 600 கோடி ரூபாயில், மத்திய அரசின் ஹெச்.எல்.எல் நிறுவனம் எழுப்பிய தடுப்பூசி வளாகமும் இருக்கிறது. கட்டி முடித்த கட்டடங்கள், இறக்கிவைத்த இயந்திரங்கள். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் நாடே தடுப்பூசிக்குக் கைநீட்டி நின்றபோது, அது சும்மா கிடந்தது. முதல்வர் மு.க.ஸ்டாலின் மே 25 அன்று நேரில் போய்ப் பார்த்தார். மாநில அரசே நடத்த அனுமதி கேட்டது. தொற்றுக்காலம் முடியும்வரை அங்கிருந்து ஒரு டோஸ் கொரோனா தடுப்பூசிகூட வெளியே வரவில்லை.

அதே மே மாதம் 4-ம் தேதி இரவுதான் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்ததுதான் காரணம் என்றார்கள் உறவினர்கள். நிர்வாகம் மறுத்தது. மருத்துவமனையிலிருந்து திருமணி சில கிலோமீட்டர் தூரம்தான்.

காத்திருந்தவர்களுக்கு யார் சோறு கொண்டுபோனது?

மாமல்லபுரத்துக்குத் திரும்புவோம். 2020 ஜூன் 19 முதல் சென்னையோடு சேர்த்து செங்கல்பட்டின் பகுதிகளுக்கும் மீண்டும் முழு ஊரடங்கு. தாம்பரமும் பல்லாவரமும் இந்த மாவட்டத்தில் இருப்பதால் எண்ணிக்கை எப்போதும் மேல் வரிசையில். ஜி.எஸ்.டி சாலையில் இ-பாஸ் இல்லாமல் பரனூர் டோல்கேட்டைத் தாண்ட முடியாது. வாரக் கடைசியில் பைக்கில் ஈ.சி.ஆர் வரும் சென்னைக்காரர்தான் வெளிநாட்டினருக்கு அடுத்து இந்த ஊரின் வருமானம். அதுவும் நின்றது. தமிழகக் கடற்கரைகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது டிசம்பர் 14 ஆகியிருந்தது. அடுத்த ஏப்ரல் 16-ல் தொல்லியல் சின்னங்கள் மறுபடி மூடல். ஜூன் 16-ல் திறப்பு. வெளிநாட்டு டூரிஸ்ட்டுக்கு விசா கிடைக்க 2021 அக்டோபர், நவம்பர் ஆனது. வழக்கமான சர்வதேச விமானங்கள் 2022 மார்ச் 27-ல்தான் தொடங்கின.

கூட்டிப் பாருங்கள். மார்ச் 2020-லிருந்து இரண்டு முழு சீசன். முப்பது நாளுக்கு ரகூசா யோசித்தது. இங்கே காத்திருப்பு இரண்டு வருடம்.

ரேஷன் கார்டுக்கு 2020-ல் 1,000 ரூபாய், 2021-ல் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் வந்தது. அரிசியும் வந்தது. அது எல்லோருக்குமானது, பசியைத் தள்ளிப்போட்டது. ஆனால் கைடு, வாடகைக்கு அறை விடுபவர், சங்கு மாலை விற்கும் பெண், கல் அடிக்கும் சிற்பி ஆகியோருடைய வேலை, வருகிறவர் ஒருவர் இருந்தால் மட்டுமே வேலை. மீனவருக்குக் கடல் மிச்சம் இருந்தது. சிற்பிக்குக் கல் மிச்சம் இருந்தது. 2017-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைத்தொழில். விற்காத பிள்ளையாரும் புத்தரும் சாலையோரக் கூடங்களில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள். கருங்கல் கெட்டுப்போகாது என்பதுதான் ஒரே ஆறுதல். வட்டி அப்படி இல்லை.

மற்ற இரண்டு ஊர்கள் என்ன செய்தன? பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலாவை நம்பியிருக்கும் குரோஷியா, 2020 கோடையிலேயே கதவைத் திறந்தது. ஆகஸ்ட்டில் தொற்று ஏறியது. குரோஷியாவிலிருந்து திரும்புகிறவர்களுக்குப் பரிசோதனை கட்டாயம் என்று இத்தாலி அறிவித்தது. 600 வருடம் கழித்து, அதே இரண்டு கரைகள், அதே சந்தேகம்! 2021 ஜனவரியில், லேப்டாப்போடு வந்து தங்கி வேலை பார்ப்பவர்களுக்கென குரோஷியா தனி அனுமதி கொண்டுவந்தது. நாற்பது நாளுக்கு வந்தவனை ஒரு வருடத்துக்கு இருக்கச் சொல்லும் தந்திரம். இத்தாலி, சொந்த நாட்டுக் குடும்பங்கள் உள்நாட்டிலேயே சுற்றுலா போக 500 யூரோவரை சலுகை கொடுத்தது. அந்தப் பணம் கடைசியில் போய்ச் சேர்ந்தது, காலியாக இருந்த விடுதிக்காரரின் கல்லாவுக்கு. நம் பக்கம் யாராவது இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஒத்தவாடை தெருவுக்கு ஒரு குடும்பம் வந்து இரண்டு நாள் தங்க அரசு பாதிச் செலவு கொடுத்திருந்தால், அது இலவசம் அல்ல, முதலீடு.

கூட்டம் இல்லாத ஊரைப் பார்த்த வெனிஸ், இன்னொன்றையும் முடிவு செய்தது. 2021 ஆகஸ்ட் முதல் மாபெரும் சொகுசுக் கப்பல்கள் நகர முகப்பில் நுழையத் தடை. 2024-ல் பகல் நேரக் கூட்டத்துக்குக் கட்டணம். மாமல்லபுரத்துக்கு இன்னும் அந்தப் பிரச்னை வரவில்லை. பொங்கல் விடுமுறையில் கார் நிறுத்த இடம் தேடியவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்!

எண் சொல்லும் கதை

2022-ல் வந்த மத்திய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. 2021-22-ல் கட்டணம் உள்ள தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டினர் அதிகம் வந்த இடம் தாஜ்மஹால் இல்லை. மாமல்லபுரம்! 1,44,984 பேர். தாஜ்மஹாலுக்கு 38,922 பேர். தலைப்புச் செய்திகள் பறந்தன. பெருமைதான். ஆனால் அந்த நிதியாண்டில் பாதிக்கும் மேல் டூரிஸ்ட் விசாவே கிடையாது. அப்படியென்றால் வந்தவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே இங்கே தங்கி வேலை பார்க்கும், படிக்கும் வெளிநாட்டினராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. டிக்கெட் கவுன்ட்டருக்கு அவர்கள் வெளிநாட்டினர். மாடி அறைகளில் மாதக்கணக்கில் தங்கிப் பாஸ்தா கேட்பவர்கள் வேறு.

அவர்கள் மொத்தமாக வந்து இறங்கியது 2022 ஜூலை 28-ல். பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட். 180-க்கும் மேற்பட்ட நாடுகள். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஈ.சி.ஆர் முழுக்க நின்று கும்பிட்டது. இத்தாலியும் வந்தது, குரோஷியாவும் வந்தது. உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் இருந்த நார்வே அணியை இத்தாலி மூன்றாவது சுற்றில் 3-1 என்று கவிழ்த்து அதிரவைத்தது. இரண்டரை வருடங்களுக்கு முன்பு பெயரைச் சொன்னாலே பின்வாங்கவைத்த அதே நாட்டின் பெயரைச் சொல்லி, அன்று பூஞ்சேரியில் கைதட்டினார்கள்.

நீங்கள் அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, ஐந்து ரதம் பார்த்துவிட்டு வெளியே வந்து, கல் சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கும் பக்கம் மெதுவாக நடந்து பாருங்கள். முன்வரிசையில் புதுச் சிற்பங்கள் வெளிறிய சாம்பல் நிறத்தில், உளி பட்ட தூசியோடு இருக்கும். பின்வரிசையில், மழை பட்டு, லேசாகப் பாசி பிடித்து, கறுத்துப்போன சில சிலைகள் நின்றால், எந்த வருடத்தில் செதுக்கியது என்று கேளுங்கள். விலையும் கேளுங்கள். பேரம் பேசாமல்.